ஏலத் தோட்டத்தில் வண்ணச் சேம்பு வேண்டுமா?

மலைத் தோட்டங்களில் பங்களா முற்றத்தையும் படிக்கட்டு ஓரத்தையும் அழகு செய்யும் செடிகளில் கலேடியமும் ஒன்று. பூக்காமலே பூத்தது போல் தோன்றும் செடி இது. இலை அம்பு முனை போன்ற வடிவம் கொண்டது. அதில் சிவப்பு நரம்பு ஓடும். வெள்ளைச் சுண்ணாம்பைத் தெளித்தது போன்ற புள்ளிகள் இருக்கும். சில வகைகளில் இலை முழுவதும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். நிழலில் நன்றாக வளரும். ஈரமும் மக்கிய மண்ணும் இருந்தால் போதும். வேறு பராமரிப்பு அதிகம் தேவையில்லை. ஒரு கிழங்கு வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பாத்தியே நிரம்பி விடும்.

கலேடியம் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு என்பதால் வண்ணச் சேம்பு என்று இதனை அழைப்பது பொருந்தும். தென் அமெரிக்காவின் வெப்ப மண்டலக் காடுகளே இதன் தாயகம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள வயல்களில்தான் உலகச் சந்தைக்குச் செல்லும் கலேடியக் கிழங்கின் பெரும் பகுதி விளைகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக்குப் பின் நம் நாட்டிலும் வீட்டுச் செடி வளர்க்கும் ஆர்வம் பெருகியது. அதனோடு கலேடியத்தின் விற்பனையும் பெருகியது.

போடி நகரிலோ தேனியிலோ மாடியில் நாலு தொட்டி கலேடியம் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, 4000 அடிக்கு மேல் போடிமெட்டுக்குச் சென்று விட்டால் நிலைமை வேறு. அங்கே முற்றத்து வேலியை அடுத்தே ஏலச் செடி நிற்கிறது. ஏலத்தின் கொடிய நோய்களுள் ஒன்றான கட்டே நோயைப் பரப்பும் அசுவினி, கலேடியத்திலும் சேம்பிலும் குடியிருந்து பெருகக் கூடியது. ஆகவே ஏலத் தோட்டத்துக்குள் கலேடியம் வளர்ப்பது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல, வருமானத்தைப் பற்றிய விஷயமும் ஆகும்.

கட்டே நோய் செய்யும் கேடு

கட்டே என்பது கன்னடச் சொல். தேமல் நோய் என்றும் இதனைச் சொல்வதுண்டு. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் ஏலக் காடுகளிலும் இது காணப்படுகிறது. இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதையும், அதனைப் பரப்புவது அசுவினி என்பதையும் 1945ஆம் ஆண்டு உப்பல், வர்மா, கபூர் ஆகிய அறிஞர்கள் நிலைநாட்டினர்.

நோயின் முதல் அடையாளம் குருத்திலையில் தெரியும். நடு நரம்பிலிருந்து இலை ஓரம் நோக்கி வெளிர் பச்சைக் கோடுகள் விட்டு விட்டு ஓடும். நாளடைவில் புதிதாக வரும் ஒவ்வோர் இலையிலும் இக்கோடுகள் காணும். இலையுறையிலும் தட்டையிலும் தேமல் படரும். பின்னர் தூரிலிருந்து கிளம்பும் தட்டைகள் மெலிந்து குட்டையாகும். சரங்கள் குறையும், நீளமும் குறையும். காய்க்கும் தூரில் நோய் தொற்றினால் சில ஆண்டுகளில் அது பயனற்றதாகி விடும். இளஞ்செடியில் தொற்றினால் மகசூல் ஏறக்குறைய முழுவதும் போகும்.

இந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற தூரை உரம் போட்டோ, மருந்து தெளித்தோ மீட்க முடியாது. ஏலம் நட்டு, காய் கண்ணில் படச் சாதாரணமாக மூன்றாம் ஆண்டாகி விடுகிறது. அதுவரை நிழல் சீர் செய்யவும், களை எடுக்கவும், கூலி கொடுக்கவும் செலவழித்த பணம் அவ்வளவும் ஒரு பூச்சியால் வீணாகிறது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் விலை கிலோ 7000 ரூபாய் வரை உயர்ந்து, அடுத்த சில ஆண்டுகளிலேயே 1000 ரூபாயை ஒட்டி இறங்கியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். விலை விவசாயியின் கையில் இல்லை. செடியை நோயின்றிக் காப்பது பெருமளவு அவர் கையில் இருக்கிறது.

அசுவினியின் பெயரிலேயே சான்று

ஏலத்தில் கட்டே நோயைப் பரப்பும் அசுவினியை நெடுங்காலம் வாழை அசுவினி என்றே சொல்லி வந்தனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலிருக்கும். கரும்பழுப்பு நிறம், இறக்கையில் கரிய நரம்பு. இதனால் தோட்டத்துக்குள் இருந்த வாழை மரங்களின் மீது பழி விழுந்தது.

1917ஆம் ஆண்டில் வான் டெர் கூட் என்ற பூச்சியியல் அறிஞர், ஜாவாத் தீவில் இந்த அசுவினியின் மற்றொரு வகையை விவரித்து, அதற்குக் கலேடியத்தின் பெயரையே இட்டு ‘கலேடியை’ என அழைத்தார். ஏலத்தில் காணப்படுவது இந்த வகையே என்று பின்னர் இந்திய ஆய்வுகள் காட்டின. 2010ஆம் ஆண்டு மரபணுச் சோதனையும் உடலளவுச் சோதனையும் செய்து பார்த்ததில், வாழையை விரும்பும் அசுவினியும், சேம்பு மற்றும் இஞ்சிக் குடும்பச் செடிகளை விரும்பும் அசுவினியும் இரு வேறு இனங்கள் என்று முடிவாயிற்று. ஆக, ஏலத் தோட்டக்காரர் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாழையை அல்ல. வாசலில் நிற்கும் கலேடியத்தையும் ஓடையோரச் சேம்பையுமே.

கலேடியத்தில் நோய் இல்லையே, பின் என்ன தீங்கு?

இக்கேள்வி நியாயமானதே. கலேடியத்துக்குக் கட்டே நோய் வருவதில்லை. அதன் இலையில் தெரியும் வெள்ளைப் புள்ளியும் சிவப்புக் கோடும் அதன் இயற்கை நிறமே. கலேடியம் வைரசுக்கு இடம் தருவதில்லை. வைரசைச் சுமக்கும் பூச்சிக்கு இடம் தருகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்து கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நோய் பரவ மூன்று வேண்டும். முதலாவது, நோயுற்ற ஓர் ஏலத்தூர். இரண்டாவது, அதன் சாற்றை உறிஞ்சிப் பறக்கும் அசுவினி. மூன்றாவது, அந்த அசுவினி தங்கிப் பெருக ஓர் இடம். அசுவினி நோயுற்ற செடியில் சில நிமிடங்கள் சாறு உறிஞ்சினாலே வைரஸ் அதன் வாயுறுப்பில் ஒட்டிக் கொள்கிறது. அடுத்த செடியில் சில நிமிடங்கள் உறிஞ்சினால் அங்கே இறங்கி விடுகிறது. வைரஸ் புகுந்த பின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை செடி நலமாகவே தோன்றும். கோடு தெரியும்போது பக்கத்துத் தூர்களுக்கும் அது போயிருக்கலாம்.

ஏலத்திலேயே அசுவினி வாழ்கிறதே, கலேடியத்தை எடுத்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஏலத் தட்டையின் காய்ந்த உறைகளுக்கு உள்ளே அசுவினிகள் கூட்டமாக ஒதுங்கி இருக்கும் என்பது உண்மை. ஆனால் கவாத்து செய்து காய்ந்த மட்டைகளைக் கழிக்கும்போது அந்த இருப்பிடம் போய் விடுகிறது. பழைய தோட்டத்தை முழுவதும் பிடுங்கி மறுநடவு செய்யும் இடத்தில் ஏலமே இல்லாது போகிறது. அவ்வேளைகளில் அருகில் ஒரு சேம்புப் புதரோ கலேடியப் பாத்தியோ இருந்தால், அசுவினிக்கு அது மாற்று வீடு. புதுக் கன்று வேர் பிடித்ததும் திரும்பி வர வேறென்ன தடை? எனவே நாற்றங்காலுக்கு அருகிலும் மறுநடவுக்கு அருகிலும் இருக்கும் கலேடியமே மிகுந்த ஆபத்து என்பதை உணர வேண்டும்.

பெருமழையில் அசுவினியின் எண்ணிக்கை குறையும். மழை ஓய்ந்த பின், கார்த்திகை, மார்கழி முதல் கோடை வரை பெருகும். காட்டில் நிற்கும் சேம்பு கோடையில் வாடி அடங்கினாலும், குழாயடியிலும் கழிவு நீர் ஓடும் வாய்க்காலிலும் நிற்பது வாடுவதில்லை. பங்களாக் கலேடியத்துக்கோ தினமும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. அசுவினி பெருகும் பருவத்தில் பச்சையாக நிற்பவை இவையே என்பது கவனிக்கத் தக்கது.

பங்களாவும் லயமும்

இங்கே ஒரு நியாயத்தைப் பேசியாக வேண்டும். சேம்பையும் கலேடியத்தையும் அகற்றச் சொல்லும் பரிந்துரை புதியதன்று. ஏல ஆராய்ச்சி நிலையங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதே. ஆனால் அப்பரிந்துரை தோட்டத்தில் நடைமுறைக்கு வரும்போது, மண்வெட்டி முதலில் இறங்கும் இடம் பெரும்பாலும் தொழிலாளர் லயத்தின் பின்புறமாகவே இருக்கும். அங்கே நிற்கும் சேம்பு அழகுக்கு வைத்ததல்ல. கிழங்கும் தண்டும் குழம்பில் சேரும். கூலி குறைந்த மாதங்களில் அது ஒரு வேளை உணவு. அதைப் பிடுங்கி எறிந்து விட்டு, பங்களா வாசலில் இருபது தொட்டிக் கலேடியத்தை அப்படியே விட்டு வைத்தால் நோயும் நிற்காது, தொழிலாளியின் ஒத்துழைப்பும் கிடைக்காது.

ஒத்துழைப்பு ஏன் முக்கியம் என்றால், குருத்திலையில் முதல் கோட்டைப் பார்ப்பவர் தோட்ட முதலாளி அல்ல. போடி, தேவாரம், கோம்பை பகுதிகளிலிருந்து அதிகாலையில் ஜீப் ஏறி மலைக்கு வந்து, சரம் சரமாகக் குனிந்து காய் எடுக்கும் பெண்களே ஒவ்வொரு தூரையும் நெருங்கிப் பார்ப்பவர்கள். நோய் கண்ட தூரை அவர்கள் காட்டிக் கொடுத்தால் அந்த மாதமே பிடுங்கலாம். அடையாளத்தை ஒரு முறை அவர்களுக்குக் காட்டி வைப்பது, ஒரு சுற்று மருந்து அடிப்பதை விட மேலானது.

ஆகவே கலேடியத்தை முதலில் எடுக்க வேண்டியவர் தோட்டக்காரர்தான். லயத்துச் சேம்பைப் பொறுத்தவரை, அறுவடை வரை பொறுத்து, பின் அதற்கு மாற்று கொடுத்து எடுப்பதே முறை. சௌசௌ, பீன்ஸ், சர்க்கரைவள்ளி போன்றவற்றுக்கு விதையும் நாலு சென்ட் இடமும் ஒதுக்கித் தருவது எந்தத் தோட்டத்துக்கும் பெருஞ்செலவாகாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கலேடியத்தின் இலையிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிப் படிகங்கள் உள்ளன. குழந்தைகள் கடித்து விட்டால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். சிறு குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு இது ஏற்ற செடியன்று.

மருந்தை நம்பலாமா?

அசுவினிதானே, ஒரு மருந்து அடித்தால் போகாதா என்பது பலரின் எண்ணம். பூச்சி மருந்து அசுவினியைக் கொல்லும். ஆனால் நோயைத் தடுப்பதில்லை. மருந்து பட்ட செடியில் இறங்கிய அசுவினி சாவதற்குள் வைரசை இறக்கி விடும்; அதற்குச் சில நிமிடங்களே போதும். அதோடு, ஏலக்காயில் மருந்தின் எச்சம் நிற்பது பெரும் பிரச்சினையாகியிருக்கிறது. 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் அனுமதி அளவை மீறி இருந்ததைக் காட்டி, சபரிமலை அரவணைப் பிரசாத விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்த உத்தரவைப் பின்னர் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்து விட்டாலும், ஏலக்காய் வாங்குவோர் மனத்தில் எழுந்த ஐயம் விவசாயிக்கு ஓர் எச்சரிக்கை. செடியை எடுத்துத் தீர்க்கக் கூடியதை மருந்து அடித்துத் தீர்க்க முயல்வது சிக்கனமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

எதிர்ப்பு ரகத்தை நடலாமே என்று கேட்கலாம். குடகில் உள்ள அப்பங்களா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கட்டே நோயைத் தாங்கும் விஜேதா என்ற ரகம் வெளியிடப்பட்டுள்ளது. ஆனால் இப்பகுதித் தோட்டங்களில் மகசூலுக்காகப் பெரிதும் விரும்பி நடப்படுவது ஞள்ளானி ரகமே. ஞள்ளானியைத் தட்டை பிரித்து நடுவது வழக்கம். விதை மூலம் கட்டே நோய் பரவுவதில்லை. நோயுற்ற தூரிலிருந்து பிரித்த தட்டை மூலம் நிச்சயம் பரவும். தெரியாத தோட்டத்திலிருந்து வாங்கி வரும் தட்டையில் நோயும் சேர்ந்து வரலாம். அதன் பிறகு பரப்பும் வேலையைப் பக்கத்தில் உள்ள அசுவினி பார்த்துக் கொள்ளும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாதம் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கோடு கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் கலேடியத்தை மட்டும் எடுப்பதால் பயனில்லை. நோய் பெரும்பாலும் நோயுற்ற தூருக்கு அடுத்தடுத்த தூர்களுக்கே பரவுவதால், சுற்றியுள்ள தூர்களைத் தொடர்ந்து சில மாதங்கள் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்ட தோட்டங்களிலும், தானாக முளைத்த செடிகளிலும் நோய் தங்கும் என்பதால் அவற்றையும் விட்டு வைக்கலாகாது.

இரண்டாவதாக, காய்ந்த தட்டைகளையும் மட்டைகளையும் உரிய காலத்தில் கழித்து, தூரைத் திறந்து வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, தோட்டத்துக்குள்ளும் நாற்றங்காலைச் சுற்றியும் உள்ள கலேடியம், சேம்பு, காட்டுச் சேம்பு ஆகியவற்றை அகற்ற வேண்டும். அசுவினி பெருகுவதற்கு முன், இலை கண்ணுக்குத் தெரியும் மழைப் பருவத்திலேயே இதைச் செய்வது நல்லது. இலை அடங்கி விட்டால் கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தோண்டிய செடியைக் குவித்து வைத்தால் அசுவினி இடம் பெயரும். ஆகவே உடனே சாக்கில் திணித்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். சிறு கிழங்குகள் மண்ணில் தங்கி மறுபடி முளைக்குமாதலால், அடுத்த மழையில் ஒரு முறை மறுபார்வை அவசியம். பிடுங்கியதை ஓடையில் எறிவது நோயைக் கீழ்த் தோட்டத்துக்கு அனுப்புவதற்குச் சமம். கிழங்கு தண்ணீரோடு போய் வேறிடத்தில் வேர் விடும்.

நான்காவதாக, கலேடியத்தோடு மஞ்சள் நிற இஞ்சிப்பூ, சித்தரத்தை இனத்து அழகுச் செடிகள் ஆகியவற்றையும் முற்றத்திலிருந்து எடுப்பது நலம். இவை ஏலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சில வைரசுக்கே இடம் தரக் கூடியவை. முற்றம் வெறுமையாகும் என்று வருந்த வேண்டாம். மலைக் குளிருக்கு ஹைட்ராஞ்சியா, பிகோனியா, ஜெரேனியம், டேலியா, பெரணி எல்லாம் நன்றாக வரும். இவை சேம்புக் குடும்பமும் அல்ல, இஞ்சிக் குடும்பமும் அல்ல.

ஒரு தோட்டம் மட்டும் செய்தால் போதாது

இறக்கையுள்ள அசுவினிக்கு வேலி கிடையாது. போடிமெட்டுச் சோதனைச் சாவடியும் கிடையாது. சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். ஆனால் போடிக்காரர்கள் பலருக்குப் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் உடும்பன்சோலையிலும் தோட்டம் இருக்கிறது. ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தம் செய்து, பக்கத்துத் தோட்டத்தில் நோயுற்ற தூரும் கலேடியமும் அப்படியே நின்றால், அவர் உழைப்பு ஓராண்டில் வீணாகும். சுற்றுலா விடுதிகளும் இதில் சேர்த்தி. ஏலத் தோட்டத்தை ஒட்டி விடுதி நடத்துவோர் வரவேற்பு முற்றத்துக்கு எந்தச் செடி வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

போடியில் ஏலக்காய் விற்பனையை நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்துக்கும், இரு மாநிலத் தோட்டக்கலைத் துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. நாற்றங்காலுக்குச் சான்று வழங்கும்போது நாற்றை மட்டும் பார்த்தால் போதாது; சுற்றிலும் சேம்பும் கலேடியமும் இல்லை என்பதையும் பார்த்தே சான்று தர வேண்டும். மலைப்பகுதி நர்சரிகளில் கலேடியம் விற்கும்போது, ஏலத் தோட்டத்துக்கு ஏற்றதல்ல என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டச் செய்யலாம். இதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

விவசாயிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் மழைப் பருவத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒரு சரிவில் உள்ள தோட்டக்காரர்கள் அனைவரும் சேர்ந்து சேம்பும் கலேடியமும் எடுக்கலாம். செலவு இரண்டு ஆள் கூலி. பங்களா வாசலில் தொடங்கினால் மற்றவர்களும் தாமாகவே செய்வார்கள்.